ஜூன் 14 எங்கே போனது? காசிமேட்டு வாடகைக் கணக்கில் ஒரு ஸ்லைஸ் செய்த வேலை

கடையும் கணக்கும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில் மீன் பெட்டிகளை வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. விசைப்படகுக்காரர்கள் பிளாஸ்டிக் பெட்டிகளை இங்கிருந்து எடுத்துப்போவார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு 3 ரூபாய். நான் இந்த விவகாரத்துக்குள் வந்தபோது 41 படகுகளுக்கு அங்கே கணக்கு இருந்தது. எந்தப் படகின் கையில் எத்தனை பெட்டி என்பதைத் தினமும் மாலையில் கணக்குப்பிள்ளை எழுதி வைப்பார்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு சலுகை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம். முன்பு 45 நாளாக இருந்த தடை, பிறகு 61 நாளானது. படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது வாடகை கேட்பது முறையில்லை என்று, தடைக்காலம் முழுவதற்கும் இந்தக் கடை வாடகை வாங்குவதில்லை. பெட்டி படகுக்காரரிடமே இருக்கும்; காசு மட்டும் கிடையாது. எழுதி வைத்த ஒப்பந்தம் ஏதுமில்லை, வாய்ப்பேச்சுதான். மற்ற மாதங்களுக்கு மாதாமாதம் பில். ஏப்ரல் முதல் ஜூன் முடிய மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஜூலை முதல் வாரத்தில் ஒரே பில்.

2022 முடிய இது எக்செல்லில் நடந்தது. முதல் வரியில் ஜனவரி 1, அதற்கடுத்து ஒரு நாளுக்கு ஒரு வரி. ஏப்ரல் 15 என்பது 105-ஆவது வரி, ஜூன் 14 என்பது 165-ஆவது வரி. கணக்குப்பிள்ளை அந்த 61 வரிகளுக்கும் மஞ்சள் பூசி வைத்து, அவற்றை விட்டுவிட்டுக் கூட்டுவார். மெதுவான வேலைதான். ஆனால் ஒரு ஆண்டுகூடத் தப்பியதில்லை.

எக்செல்லிலிருந்து பைத்தானுக்கு

2023 மே மாதம் கடைக்காரரின் அக்கா மகள் இதை பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தார். தண்டையார்பேட்டையில் வீடு, பிசிஏ கடைசி ஆண்டு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு லிஸ்ட், அதாவது எண்களின் வரிசை; அதில் ஒரு நாளுக்கு ஒரு எண். தடைக்காலத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கூட்டினால் வேலை முடிந்தது. புரோகிராம் மொத்தமே எண்பது வரிதான். நான் ராயபுரத்தில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறவன். அந்தப் பெண் தொடக்கத்திலேயே இதை என்னிடம் காட்டினார். நானும் மேலோட்டமாகப் பார்த்து "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். பின்னால் வந்ததில் என் பங்கும் உண்டு என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

பைத்தானில் எண்ணுவது 0-இலிருந்து என்பது அவருக்குத் தெரியும். எனவே எக்செல் வரி எண்கள் இரண்டிலும் ஒன்றைக் கழித்தார். 105 என்பது 104 ஆனது, 165 என்பது 164 ஆனது. புரோகிராமில் இருந்த வரி இது:

தடை = வரிசை[104:164]

முதல் கழித்தல் சரி, இரண்டாவது தவறு. இப்படி இரண்டு எண் கொடுத்து லிஸ்ட்டிலிருந்து துண்டு வெட்டுவதற்குப் பைத்தானில் ஸ்லைஸ் என்று பெயர். அதில் முதல் எண்ணில் இருக்கும் உறுப்பு துண்டுக்குள் வரும். இரண்டாவது எண்ணில் இருப்பது வராது. 104-இல் தொடங்கி 163-ஓடு நின்றுவிடும். அந்த வரி எடுத்தது 60 நாள்; ஜூன் 14 வெளியே நின்றது.

முதல் புகார்: 2023 ஜூலை

பில் போன மூன்றாம் நாள், வயதான படகுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பில், கக்கத்தில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்களின் கட்டு. கிழித்த தாளை எறியாமல் ரப்பர் பேண்டு போட்டு வைக்கிற பழக்கம் அவருக்கு. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாம்மா இது? தடை அறுபத்தொரு நாளு. பில்லுல அறுபதுதான் கீது. ஒரு நாளு எங்கம்மா பூட்ச்சு?"

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தாத்தா, தப்பாது" என்றார் அந்தப் பெண்.

பெரியவர் வாதாடவில்லை. தாள்களை மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ண ஆரம்பித்தார். ஏப்ரலில் 16, மே 31, ஜூனில் 14. கடைசித் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது எண்ணணுமா வேணாமா?" என்று கேட்டார். மொத்தத் தவறும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

அவருக்கு வழக்கமாக 30 பெட்டி. ஜூன் 14 மாலை மட்டும், நள்ளிரவு தாண்டிக் கடலுக்குப் போவதற்காகக் கூடுதலாக 20 வாங்கியிருந்தார். அந்த ஒரு நாளுக்கு 50 பெட்டி, 150 ரூபாய். தடை முடியும் நாளன்று துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுவதும் டீசல் பிடிப்பதுமாக ஓயாது. எல்லாப் படகும் அன்றுதான் அதிகப் பெட்டி எடுக்கும். ஒரு நாள் தவறுவதிலும், தவறக் கூடாத நாளாகப் பார்த்துத் தவறியிருந்தது.

அவசரத்தில் போட்ட தையல்

கடைக்காரர் அன்றே 41 பேருக்கும் அந்த ஒரு நாள் வாடகையைக் கழித்துவிட்டார். அந்தப் பெண் 164-ஐ 165 என்று மாற்றினார். துண்டின் நீளம் 61 என்று திரையில் வந்தது. பில்லிலும் "தடை நாள்: 61" என்று அச்சிடும்படி செய்தார். எனக்கும் அதுவே போதும் என்று பட்டது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் கணக்கு சரி என்ற நினைப்பு. அடுத்த ஆண்டு அது எங்களைக் குழியில் தள்ளியது.

அன்று நான் அவருக்கு ஒன்றைச் சொன்னேன். தெருமுனையில் வஞ்சிரம் வெட்டும் அக்கா இருக்கிறார். மீனின் மேல் கத்தி விழும் இடங்களுக்கு எண் கொடுத்தால், தலைக்கு முன்னால் இருப்பது 0. முதல் துண்டுக்கும் இரண்டாம் துண்டுக்கும் நடுவில் 1. [104:165] என்றால் 104-ஆம் வெட்டுக்கும் 165-ஆம் வெட்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம். எண் துண்டுக்கு இல்லை, வெட்டுக்கு. அப்படிப் பார்த்தால் 165-இலிருந்து 104-ஐக் கழித்தாலே துண்டுகளின் எண்ணிக்கை 61 என்று வந்துவிடும். எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுகிற எக்செல்லில் 165-இலிருந்து 105-ஐக் கழித்து, ஒன்றைக் கூட்டினால்தான் 61 வரும்.

டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய சிறு குறிப்பு ஒன்று இதைப் பற்றியதுதான். 2 முதல் 12 வரையிலான எண்களை எழுத நான்கு வழிகளைக் காட்டி, தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காத வழியே நல்லது என்று வாதிடுகிறார். முனைகளைக் கழித்தால் நீளம் வந்துவிடும். ஒரு துண்டு முடியும் எண்ணே அடுத்த துண்டு தொடங்கும் எண். மெசா என்ற மொழியில் நான்கு வழிகளும் இருந்தன என்றும், மற்ற மூன்றைப் பயன்படுத்தியவர்கள்தான் தடுமாறினார்கள் என்றும் அதில் குறிப்பிடுகிறார். ஆனால் எல்லா மொழியும் இந்த வழியில் போகவில்லை. ஆர் மொழியில் எண்ணுவது 1-இலிருந்து, முடிவும் சேரும். பைத்தானிலேயே, பாண்டாஸ் நூலகத்தில் இடத்தை வைத்து எடுத்தால் முடிவு சேராது, பெயரை வைத்து எடுத்தால் சேரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்களை அப்படியே பெயர்த்து நடுகிற இடத்தில்தான் இந்தப் பிழை முளைக்கிறது.

பாக்கி இல்லாத படகுக்குப் பெரிய பில்

2023 ஆகஸ்ட் பில்லில் கடைக்காரர் ஒன்று கூடுதலாகக் கேட்டார். ஒவ்வொரு படகும் கடைசி எத்தனை நாளுக்கு வாடகை பாக்கி வைத்திருக்கிறதோ, அந்த நாள்களுக்கு மட்டும் தொகை வர வேண்டும். கடைசி 12 நாள் பாக்கி என்றால் வரிசை[-12:] என்று எழுதலாம், பின்னாலிருந்து 12 உறுப்புகள் கிடைக்கும். அப்படியே செய்தார்:

வரிசை[-பாக்கி:]

ஆகஸ்ட் 31 அன்று நாற்பது பில் சரியாக வந்தன. ஒரே ஒரு படகுக்கு மட்டும் ₹16,380. அந்தப் படகுக்காரர் அன்று காலையிலேயே எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தவர். கடைக்கு ஒரு பைசா பாக்கியில்லாத ஒரே ஆள்.

காரணம் சின்னதுதான். பாக்கி 0 என்றால் -0, அதுவும் 0-தான். வரிசை[0:] என்பது முழு லிஸ்ட். தடை நாள் போக, ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான 182 நாளுக்கும், நாளொன்றுக்கு 30 பெட்டி வீதம், மொத்த வாடகையையும் அது மறுபடி கேட்டிருந்தது. புரோகிராமில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வரவும் வராது. நேரத்துக்குக் கட்டியவருக்கு இந்தப் பரிசா என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பில் போவதற்கு முன்பே கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டதால் வெளியே தெரியவில்லை.

பின்னாலிருந்து எண்ணாமல், நீளத்திலிருந்து கழித்து எண்ணச் சொன்னேன்: வரிசை[நீளம்-பாக்கி:]. பாக்கி 0 ஆனால் நீளத்திலேயே தொடங்கும், காலி லிஸ்ட் கிடைக்கும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இம்முறை அதைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெண். "ஜனவரி பத்தாம் தேதி லிஸ்ட்ல பத்து நாள்தான் இருக்கும். போன வருஷத்தையும் சேர்த்து பாக்கி பதினஞ்சு நாள்னா என்னண்ணா ஆகும்?" 10-இலிருந்து 15 போனால் -5. வரிசை[-5:] கடைசி ஐந்து நாளை மட்டும் கொடுக்கும், மீதி பாக்கி காணாமல் போகும். எனவே கழித்து வருவது 0-க்குக் கீழே போனால் 0 என்றே வைத்துக்கொள்ள ஒரு வரி சேர்த்தோம். போன ஆண்டின் பாக்கிக்குத் தனிக் கணக்கு. நான் கொடுத்த திருத்தத்தில் அவர் பிழை கண்டது எனக்கு மகிழ்ச்சிதான்.

எண்ணிக்கை சரி, நாள் தவறு: 2024

2024 ஜூலை. எல்லாப் பில்லிலும் "தடை நாள்: 61". முதல் பத்து நாள் ஒரு புகாரும் இல்லை. பிறகு ஒருவர் வந்தார். அவர் படகு பழுதுபார்க்க மேலே ஏற்றப்பட்டிருந்ததால் ஏப்ரல் 10-ஆம் தேதியே எல்லாப் பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி 40 பெட்டி எடுத்தது ஜூன் 14 மாலை. ஆகவே ஏப்ரலில் ஒன்பது நாள், பிறகு ஜூன் 15-இலிருந்து வாடகை. பில்லில் 120 ரூபாய் அதிகம். ஜூன் 14 மறுபடியும் தடைக்கு வெளியே நின்றது.

2024 லீப் ஆண்டு. பிப்ரவரியில் 29 நாள். ஏப்ரல் 15-இன் இண்டெக்ஸ், அதாவது லிஸ்ட்டில் அதன் இட எண், 104-இலிருந்து 105-க்கு நகர்ந்துவிட்டது. எங்கள் [104:165] இப்போது பிடித்தது ஏப்ரல் 14 முதல் ஜூன் 13 வரை. தமிழ்ப் புத்தாண்டன்று வாடகை தள்ளுபடி, தடையின் கடைசி நாளுக்கு வாடகை. நீளம் அதே 61. பில்லில் பெருமையாக அச்சிட்ட அந்த 61 யாரையும் சந்தேகப்பட விடவில்லை.

காலண்டர் தாள் பெரியவருக்கும் அந்த ஆண்டு அதே 30 பெட்டி, ஜூன் 14-இல் அதே 50. ஏப்ரல் 14-க்கு 90 ரூபாய் லாபம், ஜூன் 14-க்கு 150 நட்டம், ஆகக்கூடி 60 ரூபாய் போனது. 61 என்று பார்த்ததும் அவர் எண்ணாமல் விட்டுவிட்டார். முந்தின ஆண்டு எங்களை நம்பாமல் எண்ணியவர் இந்த ஆண்டு நம்பி ஏமாந்தார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டு மூன்று படகுகளுக்கு ஜூன் 14-ஐவிட ஏப்ரல் 14-இல் பெட்டி அதிகம். அவர்களுக்கு லாபம், அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எடுத்த முடிவு

இந்த முறை எண்ணை மாற்றி ஒட்டுப்போட நான் சம்மதிக்கவில்லை. லீப் ஆண்டா என்று பார்த்து ஒன்றைக் கூட்டலாம் என்பது அந்தப் பெண்ணின் யோசனை. கணக்கு சரியாக வரும்தான். ஆனால் 104, 165 என்ற எண்களைப் பார்த்து எது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழை ஒளிந்திருக்க அதைவிட வசதியான இடம் கிடைக்காது. தேதியைக் கொடுத்து, இண்டெக்ஸை புரோகிராமே கணக்கிடட்டும் என்று முடிவு செய்தோம்.

எந்தத் தேதியைக் கொடுப்பது என்பதில்தான் நேரம் போனது. அரசு அறிவிப்பு, பேச்சு, பில் எல்லாவற்றிலும் "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை". நம் பேச்சில் "வரை" என்றால் அந்த நாளும் சேர்த்திதான். பத்து வரை எண்ணச் சொன்னால் எந்தக் குழந்தையும் ஒன்பதில் நிறுத்தாது. ஸ்லைஸின் இரண்டாவது எண்ணை மனத்துக்குள் "வரை" என்று படிக்கிற வரைக்கும் தமிழ் பேசுகிறவர் ஒவ்வொருவரும் இங்கே ஒருமுறை வழுக்குவார் என்றே நினைக்கிறேன். ஜூன் 14-ஐ வாங்கி உள்ளே ஒன்றைக் கூட்டுவது ஒரு வழி. அந்த "+1" ஏன் இருக்கிறது என்று இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பவருக்குப் புரியாது. தேவையில்லை என்று எடுத்துவிடுவார்.

விடை கணக்குப்பிள்ளை வாயிலிருந்து வந்தது. ஜூன் பதினாலைப் பற்றி நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, "காசிமேட்டுல எவன் தடை முடியிற நாளச் சொல்றான்? பதினஞ்சு கடலுக்குப் போறோம்னுதானே சொல்லுவான்" என்றார். ஸ்லைஸுக்கு வேண்டிய இரண்டாவது எண் அதுதான். துண்டுக்குள் சேராத முதல் நாள். கரையில் எல்லாருக்கும் தெரிந்த, பெயருள்ள நாள். புரோகிராமில் இப்போது இப்படி இருக்கிறது (தடைநாள் ஏப்ரல் 15, கடல்நாள் ஜூன் 15):

தடை = வரிசை[தடைநாள்:கடல்நாள்]
மீதி = வரிசை[:தடைநாள்] + வரிசை[கடல்நாள்:]

எங்கும் +1 இல்லை, -1 இல்லை. வெட்டிய இடமும் ஒட்டிய இடமும் ஒன்றேயாதலால், எந்த நாளும் இரண்டு பக்கமும் விழாது, நடுவிலும் தொலையாது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பது இங்கே உதவியது. கணக்குப்பிள்ளையே அந்த இரண்டு வரியைப் படித்துத் தலையாட்டினார்.

நீளம் 61 என்று பார்ப்பதோடு நிறுத்தவில்லை. துண்டின் முதல் நாள், கடைசி நாள், துண்டுக்கு வெளியே இருபுறமும் ஒட்டி நிற்கும் நாள், ஆக நான்கு தேதிகளைத் திரையில் காட்டச் செய்தோம். 2023, 2024 இரண்டுக்கும் ஓட்டிப் பார்த்தோம். மீதி நாள் 304, 305 என்று வந்தது.

பெயரை வெட்டியதில்

இடையில் வந்த ஒரு சில்லறைக் குறை. பில்லில் படகுப் பெயருக்கு இடம் போதாமல் முதல் 10 குறிகளை மட்டும் வெட்டி அச்சிட்டார்கள். "அருள்செல்வி" என்ற படகு "அருள்செல்வ" என்று வந்தது. கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11 குறிகள். "வி"யின் மேல்விலங்கு (ி) தனிக் குறி, பதினொன்றாவதாக நின்றது போய்விட்டது. தமிழ்ச் சொல்லை ஸ்லைஸ் போட்டு வெட்டக் கூடாது, எழுத்து எழுத்தாகப் பிரிக்கிற நூலகம் கொண்டுதான் வெட்ட வேண்டும். அவசரத்துக்கு, பெயர் நீண்டால் இரண்டாம் வரிக்குப் போகும்படி மாற்றினோம். இன்னும் அப்படியே இருக்கிறது.

பிறகு நடந்தது

2024 பில்லில் அதிகம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. லாபம் பெற்றவர்களிடம் கடைக்காரர் கேட்கவில்லை. 2025 ஜூலையில் 41 பில்லும் சரியாக இருந்தன. பெரியவர் இந்த முறையும் தாள் கட்டோடு வந்து, எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கட்டினார்.

இன்னும் மாற்ற வேண்டியது

லிஸ்ட்டில் இடத்தை நாளாகக் கொள்வதே பலவீனம். கணக்குப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத மறந்தால் அதற்குப் பின்னுள்ள நாள்கள் எல்லாம் ஓர் இடம் முன்னே நகரும். லிஸ்ட் சிறியதாக இருந்தாலும் ஸ்லைஸ் புகார் சொல்லாது: 200-ஆவது உறுப்பைத் தனியாகக் கேட்டால் இல்லை என்று பைத்தான் பிழை காட்டும்; 200 வரை துண்டு கேட்டால் இருப்பதைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருக்கும். ஒவ்வொரு எண்ணோடும் தேதியைச் சேர்த்து வைத்து, தேதி தடைநாளாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்து, கடல்நாளுக்கு முந்தியதாகவும் இருக்கிறதா என்று பார்த்து எடுப்பதுதான் சரி. அந்த வேலை பாதியில் நிற்கிறது. அந்தப் பெண் இப்போது கிண்டியில் வேலைக்குப் போகிறார், ஞாயிறு மட்டும் கை வைக்க முடிகிறது.

தேதிகளை ஆண்டுத் தொடக்கத்தில் கடைக்காரரே கொடுக்கிறார். 2025-இல் "கடலுக்குப் போகும் நாள்" என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் ஜூன் 14 என்று அடித்துவிட்டார். கீழே உடனே "கடைசித் தடை நாள்: ஜூன் 13" என்று வந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்து 15 என்று போட்டார்.